நான் நடத்திய டிஜிட்டல் விடுதலைக் கூட்டம்

தனியாக இருப்பவனுக்கு வரக்கூடிய மோசமான வியாதி, ஊருக்கே தான் தேவைப்படுகிறேன் என்று நம்பத் தொடங்குவது. எனக்கு அது இருபத்தேழு வயதில் வந்தது.

கொழும்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, திருகோணமலையில் துறைமுகம் தெரியும் ஓர் அறையில் குடியேறினேன். வெளிநாட்டுக் கம்பனிகள் பூட்டி வைத்து விற்கும் மென்பொருள்களை எங்கள் மாவட்டம் கைவிட வேண்டும், யாரும் திறந்து திருத்தக்கூடிய மென்பொருள்களை நாங்களே தமிழில் ஆக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். (மாவட்டத்திடம் கேட்கவில்லை.) இரண்டு வருடம் கணினியின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன். அந்தக் காலத்தில் என்னோடு அதிகம் கதைத்தது, பிழை விட்டால் செய்தி காட்டும் அந்தக் கணினிதான். அந்தச் செய்திகளையும் நான்தான் எழுதியிருந்தேன்.

பிறகு ஒரு சங்கம் தொடங்கினேன். தலைவர் நான், செயலாளரும் நான். "டிஜிட்டல் விடுதலை! எங்கள் கணினி எங்கள் கையில்! திரண்டு வாரீர்!" என்று சுவரொட்டி அடித்துச் சந்தையிலும் கிண்ணியா பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டினேன்.

கப்பல்துறைக் கிராமத்தில் இருக்கும் அக்கா தொலைபேசியில் கேட்டாள், "எத்தினை பேர் வருவினம்?"

"அறுபதுக்குக் குறையாது."

அவள் அறுபது ரோல்ஸ் பொரித்து அத்தானிடம் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. தனியார் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டறி மண்டபத்தில் அறுபது கதிரைகள். பத்தே முக்கால் வரை ஒருவரும் இல்லை. கதிரைகள் கூடிப்போனதால்தான் வெறுமையாகத் தெரிகிறது என்று பின்வரிசையை வெளியே தூக்கி வைத்தேன். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூட நாலு பேர் நின்றார்கள்.

பதினொரு மணிக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் நடுத்தர வயது, இருவரில் பெரியவர். மற்றவர் ஒல்லி, கையில் கொப்பி.

"விடுதலைக் கூட்டம் இதுதானே?"

"ஓம், வாங்கோ, வாங்கோ!"

அவர்களின் சப்பாத்தையும் மயிர்வெட்டையும் பார்த்தாலே, எந்தப் புலனாய்வு அலுவலகத்தில் இருந்து வருகிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் நிரம்பிய இரண்டு கதிரைகளை மட்டுமே பார்த்தேன். ஒரு மணித்தியாலம் பேசினேன்.

"இதெல்லாத்தையும் நடத்துறது ஆர்?" என்று பெரியவர் கேட்டார்.

"கேர்னல்." (கணினி இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு அதுதான் பெயர்.)

"கேணலோ? எங்க இருக்கிறார்?" (போராளி இயக்கத்தில் பெரிய தளபதிக்குக் கேணல் என்று பட்டம்; அது எனக்கு உறைக்கவில்லை.)

"உலகம் முழுக்க. திருகோணமலையில இப்போதைக்கு என்ர அறையில மட்டும்தான். வெளியில தெரியாது, உள்ளுக்கிருந்து கட்டளை போகும். சுத்திவர செல் இருக்கு." (கட்டளை தட்டச்சிடும் திரைக்கு அப்படிப் பெயர். எங்கள் சனம் பீரங்கி அடிக்கும் வேறொரு செல்லுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் ஓடியது என் நினைவுக்கு வரவேயில்லை.)

"எத்தினை செல்?"

"மூண்டு. விரும்பினா உங்களுக்கும் தரலாம்."

ஒல்லியானவர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் அவர்கள் யார் என்று எனக்கு விளங்கியது.

கேணலைக் காட்டச் சொன்னார்கள்; ரோல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மூவருமாக என் அறைக்குப் போனோம். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள். கடைசியில் நான் கணினியைப் போட்டுக் கேர்னலைக் காட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். பெரியவர் குனிந்து வாசித்தார்.

"தமிழில இருக்கே. ஆர் எழுதினது?"

"நான்தான்."

"தனியவோ?"

"ஓம்."

"உறுப்பினர்மார்?"

"இல்லை."

"கூட்டாளிமார்?"

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தேன். "இல்லை."

அவர் அலுமாரிக் கதவைத் திரும்பச் சாத்திவிட்டார். ஒல்லியானவர் கொப்பியில் எழுதியதைக் குறுக்காக வெட்டினார். நான் ரோல்ஸ் பெட்டியை நீட்டினேன். ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்துப் பெரியவர் மட்டும் ஒரு பழைய மடிக்கணினியோடு வந்தார். "மகளுக்குப் படிக்க. சரியான மெதுவாப் போகுது. அந்தக் கேணலை இதுக்குள்ள போட ஏலுமோ, தம்பி?"

போட்டுக் கொடுத்தேன். எங்கள் சங்கத்தின் முதல் உறுப்பினர் அவர்தான். படிவத்தில் பெயர் எழுதக் கேட்டபோது, "பேர் மட்டும் வேண்டாம்" என்று சிரித்தார். பிறகு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார்.

இப்போது வெருகல் பக்கம் ஒரு பாடசாலையில் என் தமிழ்க் கணினிகள் இரண்டு ஓடுகின்றன. அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் அக்கா சொல்வது வேறு:

"என்ர தம்பி ஊரையே கூப்பிட்டான். அவனைப் பிடிக்க வந்த ஆக்கள்தான் வந்தவை. அவையும் அவனைப் பார்த்துப் பாவப்பட்டு, ரோல்சைத் திண்டுபோட்டு விட்டிட்டுப் போட்டினம்!"