வாளி நிரம்பும் படம்

படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அன்பழகனுக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. தூங்கினால் யானம்.

மனு கொடுக்க வந்தவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, ஆபீஸ் மீட்டிங் ஹாலின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதிகாரி குணசேகரன் தன் உயிருக்கு உயிரான படத்தை ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். விஞ்ஞானக் கலைப்படம். உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் பார்ப்பார்களாம். பார்த்தவர்கள் அதற்கே அடிமையாகிவிடுவார்களாம்.

திரையில் ஏதோ ஒரு கிரகம். அதில் ஒரு ஆள், ஒரு நாய், ஒரு வாளி. மேலே எங்கிருந்தோ தண்ணீர் சொட்டியது. வாளி நிரம்பியதும் அந்த ஆள் எழுந்து கொட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தான். நாய் பார்த்தது.

குழாயில் வாஷர் போயிருக்கும் என்று நினைத்தான் அன்பழகன். நெரவியில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? பூச்சு வேலையைப் பார்க்க லீவில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். வந்ததும் காதில் விழுந்த சேதி, செக்‌ஷனிலிருந்து ஒருவருக்கு யானம் மாற்றல், ஆளைத் தேர்ந்தெடுப்பது குணசேகரன். புதுச்சேரி சர்க்கார் வேலையில் இது ஒன்றுதான் தொல்லை. ஆந்திராவுக்குள்ளும் ஒரு ஊர் வைத்திருக்கிறார்கள்.

உடனே மனைவி வெண்மதியிடம் போனில் சொல்லியிருந்தான். "போறதுன்னா நீங்க மட்டும் போங்க. உங்க போட்டோவ வெச்சுப் பால் காய்ச்சிக்கிறேன்" என்றாள் அவள்.

அன்பழகன் சுற்றிலும் பார்த்தான். சூப்பிரண்டு தர்மலிங்கம் பெயர் போடும்போதே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மாத்திரை போட்டாலும் தூக்கம் வரவில்லை என்று தினமும் புலம்பும் மனிதர். டைப்பிஸ்ட் தீபா வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான். பாவம், இந்த வயசில் தர்மலிங்கம் தெலுங்கு கற்றுக்கொள்ள வேண்டுமே என்று அன்பழகன் மனமார வருந்தினான். அந்த வருத்தம் சுகமாக இருந்தது.

ஆனால் அவன் கண்ணும் சொருகியது. பையிலிருந்த தைலத்தை எடுத்து இமைக்குக் கீழே தடவிக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

விளக்கைப் போட்டதும் குணசேகரன் நேரே அவனிடம் வந்தார்.

"அழுதீங்களா அன்பழகன்?"

"தாங்க முடியல சார்."

"எந்த இடத்துல?"

"வாளி நிரம்பினப்ப."

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு என்ன புரிஞ்சிச்சு?"

முகம் கழுவ ஓடினால் போதும் என்றிருந்தது. "சொன்னா கெட்டுடும் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

திங்கட்கிழமை அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் படத்தப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறானுங்க. நீங்க ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. இதுக்கு இன்னும் நீளமான பதிப்பு ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறது. தப்பிக்க ஒரு பொய் சொன்னான். "அதையும் நேத்தே தேடிப் பாத்துட்டேன் சார்."

"அப்படியா? உக்காருங்க. அந்த நாய் யாரு?"

"அந்த ஆளுதான் சார்."

"அப்ப அந்த ஆளு?"

"வாளி சார்."

"வாளி?"

அன்பழகனுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. "நாமதான் சார்."

குணசேகரன் எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இத்தன வருஷமா இதப் பேச ஒரு ஆள் கிடைக்கல எனக்கு. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்க. சேர்ந்து பாக்கறது வேற."

அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு அவர் அறையில்தான். சாம்பாரைப் பிசைந்தபடி நாயைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் வாளியோடு போயின. மேற்பார்க்க ஆளில்லாமல் நெரவியில் பாத்ரூம் டைல்ஸ் ஹாலுக்கு ஏறிவிட்டது.

"தண்ணி சொட்டறதப் பாக்க அங்க எதுக்குப் போறீங்க?" என்றாள் வெண்மதி. "நம்ம வீட்டுக் குழாயும்தான் சொட்டுது. உக்காந்து பாருங்க."

"எல்லாம் இந்த வீட்டுல நாம இருக்கறதுக்குத்தான்" என்றான் அன்பழகன். யானம் பயம் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் தாம்பூலத்தட்டில் வைத்து முதலில் குணசேகரனுக்குத்தான் நீட்டினான். அவர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கவரை எடுத்து அதே தட்டில் வைத்தார்.

"எனக்கு பிரமோஷன் அன்பழகன். யானத்துக்குப் போறேன். இங்கேருந்து ஒருத்தர அழைச்சிட்டுப் போகலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. உங்க பேரக் குடுத்துட்டேன். கோதாவரிக் கரையில உக்காந்தோம்னா நாள் பூரா பேசலாம்."

தட்டோடு இடத்துக்குத் திரும்பினான். கண் எரிந்தது, இந்த முறை தைலம் இல்லாமலே. தர்மலிங்கம் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"என்ன நியாயம் தீபா இது?" என்றான் அன்பழகன். "ஹாலே குறட்டை விட்டுச்சு. அவங்களெல்லாம் இங்க. கண்ணு முழிச்சுப் பாத்த ஒருத்தன் யானத்துக்கா?"

தீபா டைப்படிப்பதை நிறுத்தினாள்.

"படத்த ரசிக்கிற ஆளத்தான் சார் தன்கூட யானத்துக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு நீங்க லீவுல இருந்தப்பவே தெரியும்ணே. உங்களுக்குச் சொல்லலாம்னுதான் இருந்தோம், அதுக்குள்ள நீங்க அழ ஆரம்பிச்சிட்டீங்க. அன்னிக்கு நாங்க யாருமே தூங்கலண்ணே."