மடிப்புக்குள் ஒரு வரி

உண்மையை மறைக்கக் கூட்டம் போடுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. உண்மையைச் சொல்வதற்காகவே பதினோரு முறை கூட்டம் போட்டவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையின் 'வெளிப்படைத்தன்மைக் குழு'வுக்கு நான் செயலாளர். மனித குலத்துக்கு இதைவிடப் பெரிய தொண்டு எதையும் நான் செய்ததில்லை.

புதிய பிஸ்கட்டுக்கான சோயாவில், வேர்க்கடலையிலிருந்து எடுத்த ஒரு மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். சத்து கூடியது, விளைச்சலும் கூடியது. எங்கள் விஞ்ஞானி அம்மையார் மாதக்கணக்கில் சோதித்து ஒரே ஒரு குறையைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல் சொல்லியும் தொலைத்தார்.

"எல்லாரும் தாராளமா சாப்பிடலாம் சார். வேர்க்கடலை ஒத்துக்காதவங்களுக்கு மட்டும் ஆகாது, தொண்டை வீங்கிடும். அதைப் பாக்கெட்ல போட்டுட்டா போதும்."

"போடுறோம்மா. போட மாட்டோம்னு யார் சொன்னா?" என்றார் பொது மேலாளர். "எவ்வளவு சின்னதா போடுறதுன்னுதானே கூட்டமே!"

எச்சரிக்கை வரி படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. கணக்காளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு 'வேர்' வரை படித்தார். "மீதி எனக்கு மனப்பாடம் சார்" என்றார். வரி தேறியது.

அடுத்து, இடம். பாக்கெட்டின் பின்புற மடிப்பு தேர்வாயிற்று. ஒட்டிக் காட்டுவதற்கு, பாக்கெட் ஒட்டும் இயந்திரத்தில் பத்து வருடமாக நிற்கும் பெண்மணியை அழைத்தோம். தொழிற்சாலை முழுவதற்கும் அவர் 'சீல் அக்கா'.

"சார், எழுத்து மேலேயே பசை விழுதே. கொஞ்சம் தள்ளி ஒட்டட்டுமா?"

"அங்கதான்மா அது பத்திரமா இருக்கும்" என்றார் பொது மேலாளர்.

"என் பொண்ணுக்குக் கடலை ஆகாது சார். ஒரு தடவை மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்."

"அதான் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே! அப்புறம் என்ன கவலை?"

"கடையில வாங்குற அம்மாவுக்கு யார் சார் சொல்றது? நாளைக்குக் கடவுள் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"குழுவோட தீர்மானத்தைக் காட்டுங்க."

கடையில் வாங்குகிற அம்மாவோ கடவுளோ குழுவின் உறுப்பினர் அல்லர் என்பதால், இந்த உரையாடலை நான் குறிப்பில் ஏற்றவில்லை.

முதல் சரக்கு புறப்பட வேண்டிய நாளில்தான் அந்தக் குற்றம் நடந்தது. சாப்பாட்டு இடைவேளையில் சீல் அக்கா, சாப்பிடாமல், கறுப்பு மார்க்கர் பேனாவால் நாற்பது அட்டைப்பெட்டிகளில் எழுதிவிட்டார்: "வேர்க்கடலை ஆகாத பிள்ளைங்களுக்கு இதைக் கொடுக்காதீங்க. கடைக்காரரே, வாங்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

லாரியை நிறுத்தினோம். விசாரணை தொடங்கியது.

"எழுதினது நீங்கதானா?"

"ஆமா சார். கையெழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனா படிக்க முடியும்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"குழந்தைக்கு மூச்சு முட்டுறப்போ யாரைக் கேட்டு சார் ஓடுறது?"

விஞ்ஞானி அம்மையார் எழுந்தார். "அவங்க எழுதினது அத்தனையும் சரி சார்."

"சரியா இருக்கறதுதாம்மா பிரச்சினை" என்றார் மேலாளர் வருத்தத்தோடு. "தப்பா இருந்தா ஒரு மறுப்பு விட்டுட்டுப் போயிடலாம்."

நாற்பது பெட்டிகளும் மாற்றப்பட்டன. சீல் அக்காவும் மாற்றப்பட்டார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை ஒருமுறை துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

எங்கள் விதிகள் கண்டிப்பானவை. பணிநீக்க அறிவிப்பைத் தொழிற்சாலை வாசலில், தெருவிலிருந்தே படிக்கும்படி ஒட்ட வேண்டும். குற்றம் எழுத்தால் நிகழ்ந்திருந்தால், எழுதிய வாசகத்தை ஓர் எழுத்தும் விடாமல் தர வேண்டும். விதி என்றால் விதி. ஆளுயரத் தாளில் அச்சிட்டு ஒட்டினோம்.

சரக்கு கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரம், ஒரு காலை எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் அனைவரும் அதைப் படித்தார்கள். ஒரு தாய் தெருவைக் கடந்து வந்து இன்னொரு முறை படித்தாள். மகனின் பள்ளிப் பையைத் திறந்து எங்கள் பாக்கெட்டை வெளியே எடுத்தாள்.

"யாருண்ணே இதை எழுதினது? அவங்க நல்லா இருக்கணும்" என்றாள் காவலாளியிடம்.

"அவங்களைத்தாம்மா வேலையை விட்டுத் தூக்கிட்டோம்னு மேல போட்டிருக்கு" என்றார் அவர்.

எங்கள் நிறுவனம் ஓர் உண்மையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டது அதுவே முதல் முறை. அதைக் குற்றம் என்ற தலைப்பின் கீழ்தான் எங்களால் அச்சிட முடிந்தது. அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. அதுவும் தெருவிலிருந்தே நன்றாகத் தெரிகிறது.