நாலாம் பச்சையில் அரக்கு எழுத்து

திருப்பனந்தாள்
8-11-2006

அன்பு மைத்துனர் அண்ணாதுரைக்கு அத்தான் இளையபெருமாள் எழுதுவது. இங்கு நானும், உங்கள் அக்கா அம்சவல்லியும், மகள் கனிமொழியும், போன வாரம் நட்டு முடித்த சம்பாப் பயிரும் சௌக்கியமாகப் பச்சை பிடித்து நிற்கிறோம். சிங்கப்பூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரி அத்தான், வெச்சுடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீங்கள் போட்ட நிபந்தனை ஞாபகம் இருக்கும். ஐப்பசி முடிவதற்குள் ஒரே ஒரு கஸ்டமர், கனிமொழி செய்த வெப்சைட்டைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் அவள் கும்பகோணத்திலேயே சொந்தமாக ஆபீஸ் போடலாம். சொல்லாவிட்டால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மெட்ராஸ் வேலைக்கு மறுபேச்சில்லாமல் போக வேண்டும். அந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. எனக்குச் சாப்பாடு போயிற்று என்று எழுத ஆசைதான், உங்கள் அக்கா பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருப்பதால் எழுதவில்லை.

கஸ்டமர் கிடைத்தார். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சலாஹுதீன் பாய். கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாக்களை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வியாபாரம் நடந்தால் தன் கடை மாடி ரூமையே கனிமொழிக்கு ஆபீஸாக விடுகிறேன் என்றார். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து செய்து, பிரவுசிங் சென்டருக்குப் பாய், நான், உங்கள் அக்கா மூன்று பேரையும் கூட்டிப் போய்க் காட்டினாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு தேக்சா படம், கீழே பெரிதாகப் போன் நம்பர். அவ்வளவுதான். "ஏம்மா, கல்யாணப் பாத்திரம் விக்கிற எடம், இப்படி வெறிச்சுன்னு கெடக்கே?" என்றேன். "அப்பா, இது படிக்கறதுக்குப்பா. வெள்ளையில கறுப்புதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும்" என்றாள். நான் விடுவேனா?

என் சட்டைப் பையில் இலை வண்ண அட்டை இருந்தது. நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு வந்தது, உங்களுக்குத் தெரியாது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நம்பர் போட்டு வரிசையாகப் பட்டை இருக்கும். நெல் இலையை அதில் வைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் யூரியா போட வேண்டும். அதை எடுத்துக் கம்ப்யூட்டர் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். முதல் பட்டைக்கே வரவில்லை. "பாய், பேஜுக்குச் சத்து பத்தலை. நாலாம் நம்பர் பச்சைக்குக் கொண்டாந்தாதான் வெளயும்" என்று சொல்லிவிட்டேன். பாய்க்கும் பச்சை என்றால் உயிர், கடை போர்டே பச்சை. உடனே உங்கள் அக்கா, பச்சைக்கு அரக்குக் கரைதான் எடுப்பு, என் கல்யாணப் பட்டே அதுதான், எழுத்தை அரக்கில் போடு என்றாள். அதோடு நின்றதா? பாய், "எழுத்து சும்மா நிக்குதேம்மா, கொஞ்சம் ஓட விடேன்" என்றார். ஓட விட்டாள். அதுவும் அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிற்று. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். அவள் மட்டும் தட்டவில்லை.

நாலாம் நாள் கோலாலம்பூரில் கல்யாணச் சமையல் எடுக்கும் மூஸா என்பவர் பேஜைப் பார்த்து ஆர்டர் கொடுக்கப் போன் போட்டிருக்கிறார். அரக்கில், பச்சையில், அதுவும் ஓட்டத்தில், கடைசி எட்டு அவர் கண்ணுக்கு மூன்றாகத் தெரிய, போன் போனது பாபநாசம் பக்கம் டிராக்டர் வாடகைக்கு விடும் வீரையன் என்பவருக்கு. "பெருசா ரெண்டு வேணும், அனுப்புவீங்களா?" என்று மூஸா கேட்க, "அனுப்பிடலாம், எடம் எங்க?" என்று வீரையன் கேட்க, "கோலாலம்பூர்" என்று இவர் சொல்ல, அவர் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, "டீசல் கட்டாதுங்க" என்று வைத்துவிட்டாராம். மூஸா கோபமாக வேறு யாரிடமோ நம்பர் வாங்கிப் பாயைப் பிடித்துக் கத்த, பாய் என்னிடம் வந்து, "அண்ணே, எனக்கு வெப்சைட்டே வேணாம், நோட்டீஸ் அடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மச்சான், அன்றைக்கு என் மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவள் பெட்டியை எடுத்து வைத்ததைப் பார்த்து நான் அழுதேன், எழுத வெட்கமில்லை.

ஆனால் பெட்டியை மூடினவள் நேரே பாயையும் சேர்த்து எங்களைப் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனாள். என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மூவரையும் பத்தடி தள்ளி நிறுத்தி, "நம்பரைப் படிங்க" என்றாள். நான் மூன்று என்றேன். உங்கள் அக்கா ஆறு என்றாள். பாய் மட்டும் எட்டு என்றார், அது அவருடைய சொந்த நம்பர் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஏதோ தட்டினாள், பழைய வெள்ளைப் பேஜ் வந்தது. மூவரும் ஒரே குரலில் எட்டு என்றோம், பக்கத்து நாற்காலிப் பையன்கூடச் சேர்ந்து சொன்னான். "இத நீ அழிக்கலியாம்மா?" என்றேன். "நீங்க மூணு பேரும் ஓயட்டும்னு வெச்சிருந்தேன்" என்றாள்.

அன்றே வெள்ளைப் பேஜைத் திரும்பப் போட்டாள், பாயும் மூஸாவைச் சமாதானப்படுத்தி மறுபடி பார்க்கச் சொன்னார். நேற்று மூஸா நாலு தேக்சாவுக்கு ஆர்டர் கொடுத்தார். கண்ணாடி போடாமலே படித்தாராம். பாய் என் மகளிடம் மாடிச் சாவியைக் கொடுத்து, "நல்லா இருக்கும்மா" என்றார். நீங்கள் கேட்ட அதே வார்த்தை, ஐப்பசி இருபத்தொன்று அன்று, சாட்சிக்கு நான். ஆகவே மெட்ராஸ்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடவும். நம் இரண்டு பேர் அப்பாக்களும் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியவர்கள். நம் வீட்டில் ஒரு பேர் போர்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்கவில்லை மச்சான். இனிமேல் கலர் விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை என்று அவள் தலைமேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. ஆறு நிறையத் தண்ணீர் போவதுபோல் உங்கள் வீடும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் இளையபெருமாள்

பி.கு: மாடி ரூமுக்கு ஆறடியில் போர்டு எழுதச் சொல்லி இன்று காலை பெயிண்டரிடம் கொடுத்துவிட்டேன். நாலாம் நம்பர் பச்சை, அரக்கு எழுத்து. கனிமொழியிடம் இது சிங்கப்பூர் மாமா ஆசைப்பட்டுச் சொன்னது என்று சொல்லியிருக்கிறேன். அவள் போன் போட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கம்போல் சட்டென்று வைத்துவிடவும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவள் பேரைப் படிக்க முடிகிறதோ இல்லையோ, யாரும் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது.