கொன்ட்ரோல் அக்கா வளர்த்த புற்றுநோய்

திருகோணமலையிலேயே புற்றுநோயை நேரம் தவறாமல் சாப்பாடு போட்டு வளர்த்த ஒரே ஆள் எங்கள் கொன்ட்ரோல் அக்காதான்.

துறைமுகத்தடியில் இருந்த மூலிகை ஆய்வுகூடத்தில் நான் கிளார்க், அவர் ஆராய்ச்சியாளர். மார்புப் புற்றுநோய்ச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, இலைச்சாறு ஊற்றி, சாகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. கொல்வதற்காக வளர்க்கிறோம் என்பதை அடிக்கடி மறந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் பாதியில் எழும்புவார். "பிள்ளையளுக்குப் பசிக்கும், நான் வாறன்." மின்சாரம் போனால் ஜெனரேட்டரைத் தானே ஓடிப்போய்ப் போடுவார். இடுப்பில் செருகிய அறைத் திறப்பைக் கடவுள் வந்து கேட்டாலும் கிடைக்காது.

ஊர் சும்மா இருக்குமா? உப்புவெளிக்காரர் ஒருவர் இதுதான் மருந்தென்று வேலியையே வேரோடு பிடுங்கி வந்தார். இறக்கக்கண்டியில் இருந்து ஒரு கொடி கருவாட்டுப் பையில் வந்தது. அந்த மணத்துக்கே செல்கள் செத்திருக்கும். எல்லாருக்கும் அக்காவின் பதில் ஒன்றுதான்: "கொன்ட்ரோல் பாக்காமல் கதை இல்லை." இலையின் சத்தை ஸ்பிரிட்டில் இறக்குவோம். இலையே இல்லாமல் அந்த ஸ்பிரிட்டை மட்டும் இன்னொரு தட்டில் ஊற்றிப் பார்ப்பதுதான் கொன்ட்ரோல். அதுவே அவர் பேரும் ஆயிற்று.

டிரெக்டர் சேருக்கோ பேப்பரில் படம் வரவேண்டும். ஒருநாள் தன் கையாலேயே ஓர் இலைச்சாற்றை ஊற்றினார். செல்கள் கூண்டோடு செத்தன. உடனே நிருபர்களைக் கூப்பிட்டு, கோட் போட்டுக்கொண்டு நின்றார். அக்கா அதே அளவு ஸ்பிரிட் மட்டும் ஊற்றிய கொன்ட்ரோல் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதிலயும் செத்திட்டுது சேர். இதில இலையே இல்லை. நீங்கள் ஊத்தின அளவு ஸ்பிரிட்டுக்கு யானையும் சாகும்."

"அதைப் பிறகு கதைப்பம், மிஸ்," என்று சேர் கமெராவைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிறு பேப்பரில் சேர் இருந்தார், இலை இருந்தது, புற்றுநோய் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டைத்தான் காணோம்.

அந்தப் பேப்பர் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மனைவி சாந்திக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று சொல்லி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இனி ஏன் வெட்டுவான்?" என்று குசினியில் இலை அரைக்கத் தொடங்கினாள். நான் கெஞ்சினேன். "உங்கட கந்தோர் கண்டுபிடிச்சதை நீங்களே நம்பேல்லையோ?" என்றாள். அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன்.

ஸ்கூட்டியில் வந்து இறங்கியவர் கதிரையில் கூட இருக்கவில்லை.

"பிள்ளை, நான் ஊத்துறது தட்டில ஒட்டிக் கிடக்கிற செல்லுக்கு. நீர் என்ன, தட்டோ?"

சாந்தி அழுதுவிட்டாள். "பயமாக் கிடக்கு அக்கா. அங்க தனியக் கிடக்க ஏலாது."

"ஆர் தனிய விடப்போறது? நான் நிக்கிறன்."

நின்றார். பெண்கள் வார்டில் என்னைத் தங்க விடவில்லை. ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு விடும்வரை கட்டிலடியில் இருந்தது அக்காதான். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. "ஆய்வுகூடத் திறப்பைத் தாங்கோ அக்கா, ஜெனரேட்டரை நான் போடுறன்," என்றேன்.

"அதுகள் கிடக்கட்டும். நீர் வாசலை விட்டு அசையாதையும். கண் முழிச்சா அவ உம்மைத்தான் தேடுவா."

பிறகு ஆய்வுகூட அறையைத் திறந்தால், ஒரு செல் மிச்சமில்லை. டிரெக்டர் சேர் கோட்டைத் தேடிக்கொண்டே ஓடிவந்தார். "எல்லாம் செத்திட்டுதே! எந்த இலை மிஸ்?"

"இலை இல்லை சேர். பட்டினி. அதையும் பேப்பருக்குக் குடுங்கோ."

வாய் அப்படிச் சொன்னாலும் அக்காவின் கண் கலங்கித்தான் இருந்தது. வளர்த்தவர் அல்லவா?

இப்போதும் எங்கள் வீட்டில் மீன்குழம்பு இறக்கினால், முதல் சட்டி அக்கா வீட்டுக்குத்தான் போகிறது. கொண்டுபோகிறவன் நான். சாந்தி வாசல்வரை வந்து விரட்டுவாள்: "கெதியாப் போங்கோ, அவவுக்குப் பசிக்கும்."