எண்ணெய்த் தலைகள் முன் ஒரு சொற்பொழிவு

கட்டடக் கலை படித்தவனுக்குத் தென்காசிப் பக்கம் மரியாதையே கிடையாது. "பிளான் போடுதவரு" என்பார்கள். வாஸ்துப்படி அடுப்பை அக்கினி மூலையில் தள்ளி, பஞ்சாயத்தில் அனுமதி வாங்கித் தந்தால் அவர்கள் கணக்கில் என் வேலை முடிந்தது. இதற்காகவா ராத்தூக்கம் கெட்டுப் படித்தேன் என்று எனக்கு எப்போதுமே ஓர் ஆத்திரம் உண்டு. அது உச்சத்துக்குப் போனது குற்றாலத்தில், மைக் முன்னால், வருங்கால மாமனாரின் எதிரில்.

அவர் செங்கோட்டைக்காரர், ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். அவர் மகள் செல்வியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருந்தோம். (அதாவது, செல்வி முடிவு செய்திருந்தாள்.) ஜாதகத்தில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. என் தொழிலில்தான் இடித்தது.

"கொத்தனாருன்னா கொத்தனாருன்னு சொல்லணும். இன்ஜினியருன்னா இன்ஜினியருன்னு சொல்லணும். ரெண்டும் இல்லங்கான். அப்போ என்னதான் வேலை பாக்கான்?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் தெரியாமல் பெண் தருவதாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பல்கலைக்கழகம் கட்டடக் கலை, நிலத்தோற்ற வடிவமைப்பு பற்றி ஊர் ஊராகப் பொதுச் சொற்பொழிவுகள் நடத்தியது. குற்றாலத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபம், சனிக்கிழமை காலை, அனுமதி இலவசம், காப்பியும் உண்டு.

செல்வி சொன்னாள்: "அப்பாவ முன் வரிசையில உக்கார வைக்கேன். ஊரே ஒங்க பேச்சக் கேக்குதத அவரு கண்ணால பாக்கணும். அங்கன சொதப்புனீங்கன்னா, பெறகு என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது."

கோட்டு தைத்தேன். (சாரல் அடிக்கிற ஊரில் கோட்டு! நனைந்த கம்பளி வாசனையுடன்தான் மேடை ஏறினேன்.) பத்துப் பேர் வந்தால் பெரிய விஷயம் என்று தலைமை தாங்க வந்த பேராசிரியர் முன்கூட்டியே என்னைத் தேற்றினார்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. நாற்காலிகள் நிரம்பி, சாப்பாட்டுக் கூடம் வரை ஆட்கள். எல்லாத் தலைகளும் எண்ணெயில் பளபளத்தன. தோளில் துண்டு. சிலர் சட்டைகூடப் போடவில்லை. முதுகில் வழிந்த எண்ணெய் நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்த பிறகாவது எனக்கு லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. சட்டை போடக்கூட நேரமில்லாமல் என் உரையைக் கேட்க ஓடி வந்திருக்கிறார்கள் பாவம் என்று கண் கலங்கினேன். முன் வரிசையில் வருங்கால மாமனார் திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் முறையாக என் மேல் ஒரு மரியாதை தெரிந்தது. அவர் தலையிலும் எண்ணெய் இருந்தது.

கூட்டம் கொடுத்த தெம்பில் குரலை உயர்த்தினேன். "நமக்கு நிலத்தைப் பார்க்கத் தெரியவில்லை! அருவி என்றால் உடனே குளியல்தானா? தள்ளி நின்று, பாறையையும் மரத்தையும் நீரையும் ஒன்றாகப் பார்க்க..."

மாமனாரின் போன் அடித்தது. காதில் வைத்தார். எழுந்து நின்றார். அணிவகுப்பு மைதானத்துக் குரலில், மைக் இல்லாமலே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

"மெயின் அருவியில தடைய எடுத்தாச்சு! தண்ணி ஆர்ச்சுக்குக் கீழ எறங்கிட்டு!"

விஷயம் இதுதான். காலையில் வெள்ளம் அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழ, குளிக்கக் கூடாதென்று போலீஸ் தடை போட்டிருக்கிறது. அதற்குள் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் அந்தக் கோலத்தில் லாட்ஜுக்கும் போக முடியாமல், மழைக்கு ஒதுங்கிய இடம்தான் என் சொற்பொழிவு.

மண்டபம் காலியான வேகத்தைத் தீயணைப்புத் துறை பார்த்திருந்தால் பாராட்டியிருக்கும். மாமனார் எல்லோருக்கும் முன்னால் போனார். பேராசிரியர், "நீங்க கண்டினியூ பண்ணுங்க சார், இந்தா வந்துருதேன்" என்று எழுந்தார். எனக்குப் போர்த்துவதற்காக வாங்கி வைத்திருந்த புதுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். என் பொன்னாடை அருவிக்குப் போனது!

மிஞ்சியது செல்வியும் மைக்செட்காரரும். அவர் தன் செட்டை விட்டுப் போக முடியாது. செல்வி "போதும், எறங்குங்க" என்று கையைக் காட்டினாள். நான் இறங்குவேனா? தயாரித்த உரை முழுவதையும் காலி நாற்காலிகளிடம் கத்தினேன். திரையில் ஸ்லைடு மாறும்போதெல்லாம் மேஜையைத் தட்டினேன். ரசனை கெட்ட ஊர் என்றேன். இப்போது நினைத்தாலும் அதில் ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன்.

குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட மாமனார் திரும்பி வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்னுமா பேசுதான்?"

"ஆமாப்பா."

"ஆளே இல்லாத எடத்துல இம்புட்டுக் கோவப்படுத ஒருத்தன என் சர்வீஸ்ல பாத்ததில்ல. ஒன் கோவத்துக்கு இவன்தாம்ட்டி லாயக்கு. நாள் பாத்துருவோம்."

கல்யாணம் நடந்தது. ஆனால் கட்டடக் கலை என்றால் என்ன என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயற்சி இல்லை. என்னை அவர் ஏற்றுக்கொண்டது கோபக்காரன் என்ற தகுதியில்தான் என்பது இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, அதே குற்றாலத்தில் பேச மறுபடியும் அழைப்பு வந்தது. எந்தத் தேதி வசதிப்படும் என்று கேட்டிருக்கிறார்கள் என்று இரவுச் சாப்பாட்டில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மாமனார் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னதை, வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் என் மகள் இப்போது நடித்துக் காட்டுகிறாள்.

"அவசரப்பட்டுத் தேதி குடுத்துராதீங்க மாப்ள. போலீஸ்ல சொல்லி வைக்கேன். தடை போட்டதும் போன் வரும், கெளம்பிருங்க."