வாலாட்டிய வண்டி

இந்த வீட்டில் என் சொல் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்று பல் துலக்கும்போது முடிவு செய்தேன். பல் துலக்கும்போது எடுக்கிற முடிவுகள் வாய் கொப்பளித்ததும் போய்விடும். இது போகவில்லை. காரணம், வாசலில் நின்ற என் கார்.

நின்ற என்றால் நிஜமாகவே நின்ற. வருஷக்கணக்காக நிற்கிறது. அதன் கூரையில் பக்கத்து வீட்டுப் பூனை குடும்பம் நடத்துகிறது, நான் நடத்துவதைவிட நிம்மதியாக. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கார். நான் திருப்பிய பக்கம் திரும்பிய ஒரே ஜீவன் அதுதான்.

அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போவதாக என் மனைவி சொன்னாள். சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

"ஒரு வாரம் பார்ப்பேன். ஓடினா இருக்கட்டும். ஓடலைன்னா ஆள் வந்து எடுத்துட்டுப் போவான்."

"ஓடும்."

"எது? காரா, நீங்களா?"

ஊர்க்கோடியில் இருந்த மெக்கானிக், காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால்தான் பார்க்க முடியும் என்றார். இழுத்துப் போகிறவர்களைக் கூப்பிடலாமே என்றாள் மனைவி. உடனே நானே இழுத்துப் போவது என்று தீர்மானித்தேன். என்னிடம் ஒரு கொள்கை உண்டு. அவள் ஒன்று சொன்னால் நேர் எதிராகச் செய்வது. பெரிய விஷயங்களில் முடியாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பது மாதிரிச் சின்ன விஷயங்களில் மட்டும். மனிதனுக்குச் சுயமரியாதை என்று ஒன்று வேண்டாமா?

மச்சானிடம் ஜீப்பைக் கேட்டு வாங்கினேன். காரை மேலே ஏற்றி இழுத்துப் போக வாடகைக்கு ஒரு டிரெய்லர் பிடித்தேன். டிரெய்லர்க்காரர் ஜீப்போடு அதை மாட்டிவிட்டு நிறைய சொன்னார். கொக்கி பூட்டிக்கொண்டதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும், சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காகப் போட வேண்டும், நாலு சக்கரத்தையும் பட்டையால் இறுக்க வேண்டும், கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். நான் தலையாட்டினேன். மனைவி பின்னால் நின்று கேட்டாள். தலையாட்டுவதும் கேட்பதும் வேறு வேறு வேலைகள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காரை ஏற்றும் நேரத்தில் அவள், "என்ஜின் பக்கம்தான் கனம், அது முன்னால இருக்கணும்னு அவர் சொன்னாரே" என்றாள். அவ்வளவுதான். என்ஜின் பின்னால் வரும்படி காரைத் திருப்பி ஏற்றினேன். பட்டைகளை முறுக்கினேன். இந்த வீட்டில் இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்து, ஒரு கட்டில் அளவுக்குத் தெரிந்தது. பூனை அந்த வெளுப்பின் நடுவில் உட்கார்ந்து, வீட்டை இழந்த முகத்தோடு என்னைப் பார்த்தது.

தெருவில் ஒழுங்காக வந்தது. கொஞ்ச தூரத்தில் நிறுத்தச் சொன்னாள், பட்டையை இறுக்க. நான் நிறுத்தவில்லை. பெரிய சாலையில் வேகம் எடுத்ததும் டிரெய்லர் மெல்ல வாலாட்டியது. பிறகு பலமாக. பிறகு வால் ஜீப்பையே ஆட்டியது. வீட்டில் நான் ஒரு நாளும் வாலாட்டியதில்லை. அந்தக் குறையை எல்லாம் சேர்த்து அது தீர்த்துக்கொண்டது. எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

கால் பிரேக்கைத் தேடியபோது அவள் சொன்னாள்: "பிரேக்கை நல்லா மிதிங்க. ஸ்டியரிங்கை வெட்டி ஒடிங்க."

எனக்குச் சுருக்கென்றது. லாரியே வந்து இடித்தாலும் சொன்னதைச் செய்வேனா? பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆக்ஸிலேட்டரிலிருந்தும் எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். வண்டி தானாக வேகம் குறைந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கியது. லாரிக்காரர் கடந்து போகும்போது என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு காலி மைதானத்தில் காரை இறக்கி, இரண்டு பேரும் தள்ளித் திருப்பி, என்ஜின் முன்னால் வரும்படி ஏற்றினோம். சொல்லப்போனால் ஏற்றினேன், அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். பட்டைகளை இறுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். பல் தெரிய இறுக்கினேன். அதற்குப் பிறகு வண்டி தண்ணீரில் படகு மாதிரி வந்தது. என் கொள்கையின் மகிமையை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

பட்டறை ஒரு சந்தின் கடைசியில். பின்பக்கமாகத்தான் உள்ளே விட முடியும். டிரெய்லரோடு பின்னால் போவது என்பது தனி வித்தை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறு பக்கம் போகும். இது எனக்குத் தெரியாது. அவள் இறங்கி வாசலில் நின்றாள்.

"இடது பக்கம்."

நான் வலது பக்கம் ஒடித்தேன்.

"இப்ப வலது பக்கம், கொஞ்சமா."

இடது பக்கம், கொஞ்சமாக. டிரெய்லர் உறைக்குள் கத்தி போலப் பட்டறைக்குள் நுழைந்தது. ஒரு கீறல் இல்லை. மெக்கானிக் கைதட்டினார். முதல் தடவை மாதிரியே தெரியவில்லை என்றார். நான் ஜீப்பிலிருந்து இறங்கிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தியா? நீ சொன்ன எதையும் நான் கேக்கல. அதனாலதான் கார் பத்திரமா வந்துச்சு."

அவள் புடவைத் தலைப்பால் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க. ஏத்தும்போதும், வழியில நிறுத்தச் சொன்னப்பவும் மட்டும் மறந்துபோய் நேரா சொல்லிட்டேன். அது என் தப்பு."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது.

"அப்ப பிரேக்கை மிதிக்கச் சொன்னது?"

"மிதிச்சிருந்தா ரெண்டு பேரும் இப்ப இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டோம்."

"பழைய இரும்புக்குப் போடுவேன்னு சொன்னது?"

"சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு எத்தனை வருஷம் கேட்டேன்? அசைஞ்சீங்களா?" அவள் காரின் முகப்பை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். "ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு நான் விடியக்காலைல போகணும். எங்க அண்ணன் எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்து வருஷமாச்சு. கார்தான் இல்ல."

மெக்கானிக் என்ன நிறம் அடிப்பது என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

கார் இப்போது அருமையாக ஓடுகிறது. நேற்றுகூட நான் பஸ்ஸுக்காக நின்றபோது, கை காட்டிவிட்டுத் தாண்டிப் போனது.