மெரியில்லாத கலியாணம்

“மெரிக்கு எப்ப போறது, தம்பி?” என்று அமிர்தநாதர் கேட்டதும் பஸ்ரியன் விருந்தினர் பட்டியலை எடுத்துப் பார்த்தான். அதில் நான்கு மேரிகள் இருந்தார்கள்.

“எந்த மேரி, மாமா?”

“பகிடி விடாதையும். மெரி எண்டால் பிரெஞ்சிலை நகரசபை. அங்கை கலியாணத்தை எழுதிப் பதியாமல் சேர்ச்சுக்குள்ளை கால் வைக்கேலாது.”

1994, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. மறுநாள் பார்க்டேல் சேர்ச்சில் பஸ்ரியனுக்கும் அமிர்தநாதரின் மகள் அன்ரனெற்றுக்கும் கலியாணம். பெண்வீட்டார் பாரிசிலிருந்து வந்து ஒரு கிழமை. முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று.

“இஞ்சை ஃபாதரே எழுதுவார், மாமா.”

“பிரான்சிலை எண்டால் அவரைப் பிடிச்சு உள்ளை போடுவாங்கள். 1792இலையே கலியாணத்தைச் சேர்ச்சிட்டையிருந்து பறிச்சு அரசாங்கத்திட்டைக் குடுத்தாச்சு. நெப்போலியன்ரை சட்டப் புத்தகத்திலையும் அப்பிடித்தான். பாதி உலகம் அதைப் பார்த்துத்தான் எழுதினது.”

“பார்த்து எழுதின பக்கத்து மாகாணம் கியூபெக்கிலையே ஃபாதர் எழுதலாம்.”

“அது அவங்கள் விட்ட பிழை.”

சமாதானத்துக்காகப் பஸ்ரியன் பாதிரியாருக்கே ரெலிபோன் எடுத்துக் கொடுத்தான். அமிர்தநாதர் அவருக்கும் சிறைத்தண்டனையை விளக்கினார். பாதிரியார் பட்டென்று வைத்துவிட்டார். அன்ரனெற் திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்டாள்.

“நாளைக்குக் கலியாண லைசன்சை மறக்காமல் கொண்டுவாங்கோ” என்றார் பாதிரியார்.

அமிர்தநாதர் மசியவில்லை. கடைசியில் அவர், மனைவி வேரோனிக்கா, மாப்பிள்ளை, பெண் நால்வரும் ஸ்ரீட்கார் ஏறி நகரமண்டபத்துக்கு ஓடினார்கள்.

பதிவு மேசையிலிருந்த பெண் பதிவேட்டைப் புரட்டினாள். “இன்று இடமில்லை. மூன்று மணிக்கு ஒரு கலியாணம் இருக்கிறது. அது அமிர்தநாதர் என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது.”

மாமா எல்லாம் ஒழுங்கு பண்ணித்தான் வைத்திருக்கிறார் என்று பஸ்ரியன் மகிழ்ந்து லைசன்சை நீட்டினான்.

“கவனம். ஒரு லைசன்சுக்கு ஒரு கலியாணம்தான். இங்கே முடித்தால் நாளைக்குப் பாதிரியாரிடம் கொடுக்க ஒன்றும் இராது.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. “மாமா, முந்நூறு பேர்...”

“அப்பா, நாளைக்கு நான் என்னத்துக்கு வெள்ளைச் சீலை உடுக்கிறது?” அன்ரனெற் அழத் தொடங்கினாள்.

அமிர்தநாதர் தன் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு லைசன்சை எடுத்து மேசையில் வைத்தார்.

“மணப்பெண் யார்?” என்றாள் அந்தப் பெண்.

வேரோனிக்கா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

“ஊரிலை சேர்ச்சிலை கட்டினதுக்குப் பாரிசிலை அத்தாட்சித் துண்டு கேக்கிறாங்கள், அது வீட்டோடை எரிஞ்சு போச்சு, பொம்பிளை நான்தான், பிள்ளை, இவை ரண்டு பேரும் சாட்சி.”